நாற்பத்தொரு துப்பாக்கிகள்: எவற்றை வைத்துக்கொள்வது, எவற்றை விற்பது?

வால்நட்கட்டை (தொடக்கப் பதிவு)

அனைவருக்கும் வணக்கம். ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளாக நான் சேர்த்த துப்பாக்கிகள் இன்று 41 இருக்கின்றன. அனைத்தும் முறையாக என் பெயரில் பதிவு செய்யப்பட்டு, இரும்புப் பெட்டகங்களில் பூட்டப்பட்டிருக்கின்றன. சென்ற ஆண்டு வலது தோளில் அறுவை சிகிச்சை நடந்தது. இனிமேல் பலமாக உதைக்கும் ரைஃபிள்களைத் தோளில் வைக்கவே கூடாது என்று மருத்துவர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அன்று தொடங்கிய யோசனைதான் இந்தப் பதிவு.

இன்னொரு காரணமும் உண்டு. என் நெருங்கிய நண்பர் ஒருவர் திடீரென்று மறைந்தபோது, அவர் சேர்த்து வைத்திருந்தவற்றைப் பற்றி வீட்டில் யாருக்கும் எதுவும் தெரியவில்லை. ஒரு வணிகர் வந்தார், எண்ணிப் பார்த்தார், மொத்தமாக ஒரு தொகையைச் சொன்னார், எடுத்துக்கொண்டு போய்விட்டார். அவற்றில் எல்லா உறுப்புகளும் ஒரே வரிசை எண் கொண்ட சுவீடன் நாட்டு மௌசர் ஒன்று இருந்தது. அதுவும், குழல் தேய்ந்துபோன ஒரு சாதாரண ரைஃபிளும் அந்தக் கணக்கில் ஒன்றாகிவிட்டன. நான் அப்போது ஊரில் இல்லை. இன்றுவரை அது என் நெஞ்சில் முள்ளாகக் குத்திக்கொண்டிருக்கிறது.

என்னிடம் இருப்பவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். படைத்துறை ரைஃபிள்கள் 14: இரண்டு கே98கே, ஒரு கெவேர் 98, மூன்று லீ-என்ஃபீல்டு, ஒரு சுவீடன் எம்96, இரண்டு சுவிஸ் கே31, நான்கு மோசின்-நகான்ட், ஒரு எம்1 காரன்ட். வேட்டை ரைஃபிள்கள் 7. அவற்றுள் வின்செஸ்டர் மாடல் 94 ஒன்றும், 1964-க்கு முந்தைய மாடல் 70 ஒன்றும் முக்கியமானவை. லூகர், வால்தர் பி38, வெப்லி, கோல்ட் பைத்தான், இரண்டு ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் மாடல் 10 உள்ளிட்ட கைத்துப்பாக்கிகள் 9. சிறு ரவைகளைச் சுடும் ஷாட்கன்கள் 6. மீதி ஐந்தும் சிறிய தோட்டாவைச் சுடும், உதை குறைந்த .22 ரைஃபிள்கள்.

சென்ற மாதம் ஒரு தாளை எடுத்து, "கட்டாயம்", "பார்க்கலாம்", "விற்கலாம்" என்று மூன்று பத்தி கிழித்து எழுதத் தொடங்கினேன். முடித்தபோது "பார்க்கலாம்" என்ற பத்தியில் மட்டும் 31 இருந்தன. ஒவ்வொன்றையும் கையில் எடுக்கும்போது அதை வாங்கிய நாள் நினைவுக்கு வருகிறது; உடனே விற்கும் எண்ணம் போய்விடுகிறது. எனவே உங்களிடம் கேட்கிறேன்: எந்த அளவுகோலைக் கொண்டு நீங்கள் முடிவெடுத்தீர்கள்? பணம் எனக்கு இரண்டாம்பட்சம்தான். தவறான ஒன்றை அனுப்பிவிட்டுப் பிறகு வருந்தக் கூடாது என்பதே என் கவலை.

அரமும்எண்ணெயும்

ஐயா, முப்பது ஆண்டுகளாகத் துப்பாக்கி பழுதுபார்க்கும் தொழிலில் இருப்பவன் என்ற முறையில் முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எதை விற்பது என்று முடிவு செய்யும்வரை எதையும் மெருகேற்ற வேண்டாம். மென்மையான துணியில் சிறிது எண்ணெய் தொட்டுத் துடைப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், ஒரு முறை ஒருவர் என் மேசையில் ஒரு லூகரை வைத்தார். நல்ல விலைக்குப் போக வேண்டுமே என்ற ஆவலில், இரண்டு இரவுகள் உட்கார்ந்து, சுழலும் மெருகுச் சக்கரத்தில் தேய்த்து, மேலே புதிதாக நீலப்பூச்சு கொடுத்திருந்தார். தூரத்திலிருந்து பார்த்தால் கண்ணாடி போல மின்னியது. விளக்கின் கீழே சாய்த்துப் பார்த்தேன். கூர்மையாக இருக்க வேண்டிய விளிம்புகள் சோப்புக்கட்டி போல உருண்டிருந்தன. ஆணித் துளைகளின் ஓரம் உள்வாங்கிக் கிண்ணம் போல ஆகியிருந்தது. லூகரில் சிறு உறுப்புகளில்கூட வரிசை எண்ணின் கடைசி இரண்டு இலக்கங்களைப் பொறித்திருப்பார்கள். அந்த இலக்கங்கள் விரல் நகத்துக்குத் தட்டுப்படாத அளவுக்கு மழுங்கிப் போயிருந்தன. பழைய காலத்து லூகர்களில் விசையும் சில நெம்புகளும் வைக்கோல் நிறத்தில் இருக்கும்; சூடேற்றிப் பதப்படுத்துவதால் வரும் நிறம் அது. அவற்றுக்கும் அவர் நீலப்பூச்சு பூசிவிட்டார். உறுப்புகள் அத்தனையும் ஒரே எண்ணுடன் பொருந்தியிருந்த துப்பாக்கி அது. அவர் முகத்தைப் பார்த்து அதைச் சொல்வது எனக்கு மிகவும் கடினமாக இருந்தது.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். நினைவை ஒதுக்கி வைத்துவிட்டு, பொருளை மட்டும் பாருங்கள். ஒவ்வொன்றையும், தோட்டா அறை காலியா என்று கண்ணாலும் விரலாலும் உறுதிசெய்த பிறகு, மேசையில் வைத்து மூன்றைக் கவனியுங்கள். முதலாவது, உறுப்புகளின் எண்கள். உங்கள் இரண்டு கே98கே ரைஃபிள்களிலும் தோட்டா அறையைப் பின்னாலிருந்து மூடும் போல்ட், அடித்தட்டு, குழலைப் பிடிக்கும் வளையங்கள் ஆகியவற்றில் உள்ள எண்களைப் பாருங்கள். போரின் முடிவில் சோவியத் படை கைப்பற்றிய கே98கே ரைஃபிள்களைப் பின்னர் கழற்றிப் புதுப்பித்து, கலந்து பூட்டிச் சேமித்து வைத்தார்கள். அவற்றில் பழைய எண் அடித்து நீக்கப்பட்டு, மின்சாரக் கூர்முனையால் கீறிய புதிய எண் தெரியும். மரத்தில் அரக்குப் பூச்சும் இருக்கும். அப்படிப்பட்டதும் சுடுவதற்கு நல்ல ரைஃபிளே. ஆனால் உறுப்பு மாறாத ஒன்றோடு அதை ஒப்பிட முடியாது.

இரண்டாவது, குழலின் உட்புறம். பழைய படைத்துறைத் தோட்டாக்கள் பலவற்றின் பற்றவைப்பானில் பொட்டாசியம் குளோரேட் இருந்தது. அது எரிந்தபின் எஞ்சுவது பொட்டாசியம் குளோரைடு என்ற உப்பு. அந்த உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து, குழலுக்குள் சுருளாக ஓடும் சுழல்வரிகளில் குழி விழச் செய்யும். எண்ணெய் அதைக் கரைக்காது. தண்ணீர்தான் கரைக்கும். அக்காலத்தில் இதை அறியாமல் எண்ணெய் மட்டும் பூசி வைத்தவர்களின் ரைஃபிள்கள் இன்று வெளியே பளபளப்பாகவும் உள்ளே அரிக்கப்பட்டும் இருக்கின்றன. குழல் முனையிலும் கவனம் வையுங்கள். முன்பக்கத்திலிருந்தே கம்பியை விட்டுச் சுத்தம் செய்து வந்த துப்பாக்கிகளில் அந்த இடம் தேய்ந்து, குறி சிதறும்.

மூன்றாவது, கூட வந்த பொருட்கள். அசல் பெட்டி, கையேடு, அதே எண் கொண்ட மேகசின் (தோட்டாக்களை அடுக்கும் கூடு), கழற்றி வைத்த, தோளில் அணைக்கும் பழைய மரக்கட்டை ஆகியவை எங்காவது பரணில் கிடந்தால், துப்பாக்கியோடு சேர்த்து வையுங்கள். ஒரு வேண்டுகோள்: தோல் உறையை மட்டும் தனியாக வையுங்கள். தோல் ஈரத்தைப் பிடித்துவைக்கும். அதைப் பதனிட்ட பொருட்களும் சேர்ந்து இரும்பை அரிக்கும்.

ஐம்பதுமீட்டர்

நான் சேர்ப்பவன் அல்லன், சுடுகிறவன். ஆகவே என் கருத்து சுருக்கமானது. உங்களிடம் எத்தனை வகைத் தோட்டாக்கள் இருக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள். ஒவ்வொரு வகைக்கும் தோட்டா வாங்க வேண்டும், சேமிக்க வேண்டும், பலவற்றுக்கு நாமே தோட்டா நிரப்பும் அச்சும் தேவைப்படும். ஒரே ஒரு துப்பாக்கிக்காக ஒரு தோட்டா வகையைக் கட்டிக்கொண்டு அழுவது எனக்குச் சரிப்படவில்லை. நான் 19 துப்பாக்கிகளிலிருந்து 7-க்கு இறங்கியபோது, தோட்டா வகைகள் மூன்றாகக் குறைந்தன. சுடும் நாட்கள் இரண்டு மடங்காயின.

ஒரே மாதிரியான இரண்டு இருந்தால் ஒன்றை விடுங்கள். நான்கு மோசின்-நகான்ட் எதற்கு? கோடிக்கணக்கில் செய்யப்பட்ட ரைஃபிள் அது. ஏதேனும் ஒன்று அரிய தொழிற்சாலையிலோ அரிய ஆண்டிலோ செய்யப்பட்டதாக இல்லாவிட்டால், ஒன்று போதும். ஒன்றுகூட வேண்டுமா என்று கேட்டுக்கொள்ளலாம். .22 ரைஃபிள்களை மட்டும் அவசரப்பட்டு விற்காதீர்கள். தோள் சரியில்லாதவருக்குக் கடைசிவரை துணை நிற்கப்போவது அவைதாம்.

தந்தையின்அலமாரி

ஐயா, உங்கள் பதிவில் நண்பரின் குடும்பத்தைப் பற்றிப் படித்தபோது எனக்குக் கண் கலங்கியது. நான் அந்தக் குடும்பத்தின் இடத்தில் இருந்தவள். என் தந்தை மறைந்தபோது 23 துப்பாக்கிகள் இருந்தன. ஒரு குறிப்பேடுகூட இல்லை. எனக்குச் சுடத் தெரியும், ஆனால் சேர்ப்பு என்பது வேறு அறிவு. அம்மா அந்த அறைக்குள் நுழையவே மறுத்துவிட்டார். உரிமத்தை மாற்றுவதற்குச் சட்டம் அளிக்கும் காலத்துக்குள் முடிவெடுக்க வேண்டியிருந்ததால், கட்டை உடைந்து செப்புக் கம்பியால் கட்டப்பட்டிருந்த ஒரு பழைய ஒற்றைக்குழலை முதலில் கொடுத்துவிட்டேன். பார்ப்பதற்கு எதற்கும் உதவாதது போல இருந்தது. ஆறு மாதம் கழித்து என் பெரியப்பா வந்து, "தாத்தா கையால கம்பி கட்டின துப்பாக்கி எங்கம்மா?" என்று கேட்டார். அதன் பிறகு நான் எவ்வளவு தேடியும் அது கிடைக்கவில்லை. நான் பத்திரமாக வைத்துக்கொண்டதோ, கடையில் நேற்று வாங்கியது போல இருந்த ஒரு புதிய ரைஃபிள்.

ஆகவே எதை விற்பது என்பதை முடிவு செய்யும் முன்பே எழுதத் தொடங்குங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம் போதும்: வரிசை எண், எந்தத் தோட்டா, எப்போது யாரிடமிருந்து வந்தது, எது மாற்றப்பட்டது, எது அசல், இதை விற்க வேண்டியிருந்தால் யாரிடம் ஆலோசனை கேட்கலாம். எழுத உட்காரும்போது, சிலவற்றைப் பற்றி இரண்டு வரிக்கு மேல் எழுத ஒன்றுமே இல்லை என்பது உங்களுக்கே தெரியும். வேறு சிலவற்றுக்குப் பக்கம் போதாது. "பார்க்கலாம்" என்ற உங்கள் பத்தி அங்கேயே பாதியாகப் பிரிந்துவிடும் என்று நினைக்கிறேன்.

வீட்டில் யாருக்காவது விருப்பம் இருக்கிறதா என்று கேட்டீர்களா? நாம் அவர்களுக்குப் பிடிக்கும் என்று நினைப்பதும் அவர்கள் உண்மையில் விரும்புவதும் வேறாக இருக்கலாம்.

வால்நட்கட்டை

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. நேற்று எண்ணிப் பார்த்தேன். 41 துப்பாக்கிகளுக்கு 17 வகைத் தோட்டாக்கள். எனக்கே வெட்கமாக இருந்தது. அவற்றில் ஐந்து வகையை நான் பத்து ஆண்டுகளாகச் சுடவே இல்லை.

சகோதரி, நீங்கள் சொன்னபடி ஒரு குறிப்பேடு வாங்கி எழுதத் தொடங்கிவிட்டேன். என் மகளிடமும் கேட்டேன். லூகரைக் கேட்பாள் என்று எதிர்பார்த்தேன். அவள் சிறு வயதில் என் பக்கத்தில் தரையில் குப்புறப் படுத்தபடி சுட்ட .22 ரைஃபிளையும், அதன் தேய்ந்த வாரையும் கேட்டாள். அந்த வாரை மாற்ற வேண்டும் என்று நான் பலமுறை நினைத்ததுண்டு. நல்லவேளை, மாற்றவில்லை.

இரண்டு சந்தேகங்கள் மீதமிருக்கின்றன. வெப்லி ரிவால்வர் .455 தோட்டாவுக்காகச் செய்யப்பட்டது. ஆனால் என்னுடையதில் தோட்டாக்களைச் செருகும் உருளையின் பின்முகம் சீவப்பட்டு, .45 ஏசிபி தோட்டாவைப் பிறை வடிவத் தகட்டில் செருகிச் சுடும்படி மாற்றப்பட்டிருக்கிறது. அப்படித்தான் வாங்கினேன். இதை விற்கலாமா? அடுத்தது, முறுக்குக் குழல் கொண்ட பழைய இரட்டைக்குழல் ஷாட்கன் ஒன்று. பார்க்க அவ்வளவு அழகு. அதை என்ன செய்வது?

அரமும்எண்ணெயும்

வெப்லியைப் பற்றி முதலில் சொல்கிறேன், ஏனென்றால் அது உயிர் சம்பந்தப்பட்டது. .455 தோட்டா குறைந்த அழுத்தத்தில் வேலை செய்வது. தொழிற்சாலையில் நிரப்பிய முழு வலிமையுள்ள .45 ஏசிபி தோட்டாவின் அழுத்தம், அந்த ரிவால்வரைச் சோதித்துப் பார்த்த தோட்டாவின் அழுத்தத்தையே எட்டும் அல்லது மீறும். "இத்தனை ஆண்டுகளாக நான் சுட்டிருக்கிறேன், ஒன்றும் ஆகவில்லை" என்று பலர் சொல்வார்கள். உருளை ஒரு நாள் பிளக்கும்போதுதான் தெரியும். விற்பதில் தவறில்லை, ஆனால் உருளை சீவப்பட்டிருப்பதையும், முழு வலிமைத் தோட்டாவைப் பயன்படுத்தக் கூடாது என்பதையும் எழுத்தில் கொடுங்கள். எழுதிக் கொடுத்ததால் விலை குறைந்தால் குறையட்டும்.

இதே நேர்மையை லீ-என்ஃபீல்டுகளுக்கும் காட்டுங்கள். நம்பர் 4 வகை என்றால் போல்ட் தலைகள் 0 முதல் 3 வரை நான்கு அளவுகளில் வந்தன. பொருத்தமில்லாத தலை பூட்டப்பட்டிருந்தால், தோட்டாவுக்குப் பின்னால் இடைவெளி அதிகமாகி, தோட்டாக்கூடு அறுபடும். அளவுமானியை வைத்துப் பார்க்கப் பத்து நிமிடம்கூட ஆகாது. விற்பதற்கு முன் மூன்றையும் ஒரு பழுதுபார்ப்பவரிடம் காட்டி அளந்துவிடுங்கள். வைத்துக்கொள்வதையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

இரட்டைக்குழல்

ஷாட்கன்களைப் பற்றி நான் சொல்கிறேன். முறுக்குக் குழல் என்பது இரும்புப் பட்டைகளையும் எஃகுப் பட்டைகளையும் முறுக்கி, ஒரு தண்டின் மேல் சுற்றி, காய்ச்சி அடித்து இணைத்துச் செய்தது. அந்தக் கோலத்துக்கு ஈடான அழகு எந்த நவீனக் குழலிலும் இல்லை; பழைய கரும்பொடி வெடிமருந்துக் காலத்தில் அது உறுதியானதும்கூட. ஆனால் ஆயிரக்கணக்கான இணைப்புகளில் எங்கே உள்ளே அரிப்பு ஓடியிருக்கிறது என்று வெளியிலிருந்து சொல்ல முடியாது. துப்பாக்கிகளைச் சோதித்து முத்திரையிடும் மன்றத்தின் சோதனைக் குறிகள் குழலின் அடியில் இருக்கும். அவற்றைப் படியுங்கள், குழலின் சுவர்த் தடிமனை அளக்கச் சொல்லுங்கள். அதுவரை புகையில்லா வெடிமருந்துத் தோட்டாவை அதன் பக்கத்திலேயே கொண்டுபோக வேண்டாம்.

எந்தப் பழைய ஷாட்கனிலும் தோட்டா அறையின் நீளத்தையும் அளந்து எழுதிவையுங்கள். பழையவற்றில் பல 65 மி.மீ. அறை கொண்டவை. 70 மி.மீ. தோட்டா அதற்குள் தாராளமாக நுழைந்துவிடும், ஏனென்றால் அந்த அளவு சுட்டபின் விரியும் நீளத்தைக் குறிப்பது. சுடும்போது தோட்டா முனையின் மடிப்பு விரிந்து குழலின் குறுகும் பகுதிக்குள் போய் அடைக்கும், அழுத்தம் எகிறும். வாங்குகிறவருக்கு இது தெரிந்திருக்கும் என்று எண்ணிவிடக் கூடாது. குறுகிய வாய் கொண்ட பழைய குழல்களில் எஃகு ரவையும் ஆகாது.

உங்கள் ஆறில் பிரௌனிங் ஆட்டோ-5 இருக்கிறதா? இருந்தால், அதை வைத்துக்கொள்ளச் சொல்வேன். 1902-இல் தொடங்கி 1998 வரை தயாரிக்கப்பட்டது. குழலே பின்னோக்கி நகரும் அந்த இயக்கத்தைத் தோளில் உணர்ந்தவர்களுக்கு வேறொன்று அதற்கு ஈடாகாது. இலேசான தோட்டாவுக்கு ஒரு மாதிரியும், கனத்த தோட்டாவுக்கு வேறு மாதிரியும் மேகசின் குழாயின் மேலுள்ள உராய்வு வளையங்களை மாற்றி அடுக்க வேண்டும். அதை அறியாதவர்கள் கையில் அகப்பட்ட ஆட்டோ-5 துப்பாக்கிகளின் முன்கட்டையில்தான் விரிசலைப் பார்க்கிறோம். வளையங்கள் இப்போது எப்படி இருக்கின்றன என்று உங்கள் குறிப்பேட்டில் ஒரு சிறு படம் வரைந்து வையுங்கள்.

மீண்டும்தேடியவன்

எல்லோரும் குறைப்பதைப் பற்றியே பேசுகிறார்கள். நான் குறைத்து வருந்தியவன் என்பதால் மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். ஒரு காலத்தில் இடமில்லை, நேரமில்லை என்று சொல்லி ஒரே வாரத்தில் பதினொன்றை விற்றேன். அவற்றில் 1964-க்கு முந்தைய வின்செஸ்டர் மாடல் 70 ஒன்று. 1936-இல் வந்த அந்த ரைஃபிளின் செய்முறையை 1964-இல் நிறுவனம் செலவைக் குறைப்பதற்காக மாற்றியது. அன்றிலிருந்து பழையதைத் தேடுகிறவர்கள் குறையவில்லை. மௌசர் வழியில் வந்த அகன்ற கொக்கி, மேகசினிலிருந்து தோட்டா எழும்போதே அதன் விளிம்பைக் கவ்விக்கொள்ளும் அந்த நிதானம், வால்நட் மரத்தில் வெட்டிய கட்டங்கள் எல்லாம் என் கையில் இருந்தபோது நான் சாதாரணமாக எண்ணிவிட்டேன். ஒன்பது ஆண்டுகள் தேடி, அதே தோட்டாவுக்கான வேறொன்றை வாங்கினேன். நல்ல ரைஃபிள்தான். ஆனால் என்னுடையது அதுவல்ல.

எனவே நான் இப்போது ஒரே ஒரு கேள்வி கேட்டுக்கொள்கிறேன்: இதை விற்றபிறகு மனம் மாறினால், இதே போன்ற ஒன்று எனக்குத் திரும்பக் கிடைக்குமா? மாடல் 10 ரிவால்வர் அறுபது லட்சத்துக்கும் மேல் செய்யப்பட்டது. அது என்றைக்கும் கிடைக்கும். பைத்தானும் இப்போது அந்தப் பட்டியலில் பாதி நுழைந்துவிட்டது: 1955-இல் வந்தது, 2005-இல் நின்றது, 2020-இல் கோல்ட் நிறுவனமே மீண்டும் செய்யத் தொடங்கியது. புதியது பழையதன் கைவேலைப்பாட்டைக் கொண்டதல்ல என்று சேர்ப்பவர்கள் வாதிடுவார்கள். சுடுவதற்கு மட்டும் வேண்டுமென்றால் புதியது போதும். திரும்பக் கிடைக்கக்கூடியதைத் தயக்கமில்லாமல் விடுங்கள். கிடைக்காததை விற்பதற்கு முன் ஓராண்டு பொறுங்கள்.

இன்னொன்று. உங்கள் இரண்டு கே31 ரைஃபிள்களில் கட்டையின் பின்தகட்டைக் கழற்றிப் பார்த்திருக்கிறீர்களா? சுவிஸ் வீரர்கள் தங்கள் பெயரையும் படைப்பிரிவையும் எழுதிய சீட்டைச் சிலசமயம் அங்கே வைத்திருப்பார்கள். பார்க்காமல் விற்றுவிடாதீர்கள்.

அரமும்எண்ணெயும்

மேலே நண்பர் சொன்னதை முழுமையாக ஏற்கிறேன், ஒன்றைத் தவிர. ஓராண்டு பொறுப்பது நல்ல உடல்நிலையில் இருப்பவருக்குச் சரி. ஐயா ஏற்கெனவே நாற்பது ஆண்டுகள் பொறுத்தவர். அவர் தெளிவாக இருக்கும்போதே, அவர் கையாலேயே, விளக்கிச் சொல்லி விற்பது போன்ற நன்மை அந்தத் துப்பாக்கிகளுக்கு வேறில்லை.

சுவீடன் எம்96-ஐப் பற்றி விட்டுவிட்டேன். கட்டையின் வலப்பக்கத்தில் ஒரு பித்தளை வட்டு இருக்கும். குழலின் விட்டமும் உட்புறத்தின் நிலையும் அதில் குறிக்கப்பட்டிருக்கும். சுவீடன் படைத்துறையின் ஆயுதப் பணியாளர் எழுதிவைத்த மருத்துவச் சான்று என்றே அதைச் சொல்லலாம். வட்டு இன்னும் இருந்தால், அந்த ரைஃபிளைப் பற்றி நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

வால்நட்கட்டை (நான்கு மாதங்களுக்குப் பிறகு)

இவ்வளவு தாமதமாக எழுதுவதற்கு மன்னிக்கவும். குறிப்பேடு எழுதி முடிக்கவே மூன்று மாதம் ஆயிற்று. சகோதரி சொன்னது அப்படியே நடந்தது: மோசின்-நகான்ட் நான்குக்கும் சேர்த்து ஒரு பக்கம்கூட நிரம்பவில்லை; மாடல் 94-க்கு ஆறு பக்கம் ஆகிவிட்டது.

கே31 பற்றிச் சொல்ல வேண்டும். இரண்டில் ஒன்று அழகாக இருக்கும். கட்டையில் ஒரு கீறல்கூட இல்லை. மற்றதன் அடிப்பகுதி கருத்து, நசுங்கி, ஈரத்தில் ஊறியது போல இருக்கும். அழகானதை வைத்துக்கொண்டு மற்றதை விற்பதாகத்தான் முதலில் எழுதியிருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை மகளை உட்கார வைத்து, அழகானதன் பின்தகட்டிலிருந்த இரண்டு ஆணிகளைக் கழற்றினோம். உள்ளே வெறும் மரம். நசுங்கியதன் ஆணிகள் அசையவே மறுத்தன. சரியான அகலமுள்ள திருப்புளியைத் தேடி, ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, ஒரு மணி நேரம் காத்திருந்துதான் திருப்ப முடிந்தது. தகட்டைத் தூக்கியதும் இரண்டாக மடித்த பழுப்புத் தாள் ஒன்று மரத்தோடு ஒட்டியபடி இருந்தது. மகள் புருவ இடுக்கியால் அதை எடுத்தாள். பெயர், பிறந்த ஆண்டு, படைப்பிரிவின் எண், ஊர். நாங்கள் இருவரும் வெகுநேரம் பேசவில்லை. படம் எடுத்துக்கொண்டு, தாளை மடித்தபடியே திரும்ப வைத்து மூடிவிட்டோம். அந்தப் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. அழகான கே31 இப்போது ஓர் இளைஞரிடம் இருக்கிறது. நசுங்கியது என்னிடம் இருக்கிறது.

முடிவைச் சொல்கிறேன். எம்96, அந்தக் கே31, எண்கள் பொருந்திய கே98கே, ஒரு லீ-என்ஃபீல்டு, மாடல் 94, லூகர், ஒரு மாடல் 10, ஒரு ஆட்டோ-5, மூன்று .22 ரைஃபிள்கள் என 11 இருக்கின்றன. இரண்டாவது கே98கே நீங்கள் விவரித்தபடியே, அடிக்கப்பட்ட பழைய எண்ணோடு இருந்தது. அதை அப்படியே சொல்லித்தான் விற்றேன். பைத்தானையும் விட்டுவிட்டேன், ஆனால் கோல்ட் நிறுவனம் தன் பழைய பதிவேட்டிலிருந்து தரும் கடிதத்தை வாங்கி, அதனுடன் சேர்த்துக் கொடுத்தேன். முறுக்குக் குழல் இரட்டைத் துப்பாக்கியை அளந்து பார்த்ததில், இடக்குழலின் சுவர் ஓரிடத்தில் மிகவும் மெலிந்திருந்தது. சுடுவதற்கு உரியதல்ல என்று எழுத்தில் வாங்கி, பழம்பொருள் சேர்ப்பவர் ஒருவரிடம் சட்டப்படி ஒப்படைத்தேன். எல்லாவற்றையும் உரிமம் பெற்ற வணிகர் மூலமாக, ஒவ்வொன்றாக, குறிப்பேட்டின் பக்கத்தைப் படியெடுத்துத் துப்பாக்கியோடு சேர்த்தே கொடுத்தேன். மொத்தமாக விலை பேசியவர்களை மறுத்துவிட்டேன்.

மாடல் 70-தான் கடினமாக இருந்தது. .375 ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் தோட்டாவுக்கானது. என் தோள் அதை இனித் தாங்காது. திரும்பக் கிடைக்காது என்ற கணக்கில் பார்த்தால் வைத்திருக்க வேண்டும். ஆனால் பெட்டகத்தைத் திறக்கும்போதெல்லாம் அது என்னைப் பார்ப்பது போல இருந்தது. வேட்டை உரிமம் உள்ள, அந்த ரைஃபிளை எத்தனையோ ஆண்டுகளாகத் தேடிக்கொண்டிருந்த ஒருவர் வந்தார். போல்ட்டை மெதுவாகப் பின்னிழுத்து, காலியா என்று பார்த்து, மீண்டும் முன்தள்ளினார். அவசரமே இல்லை. விலையைப் பற்றிப் பேசுவதற்கு முன்பே, குழல் முனையைப் பின்னாலிருந்து எப்படிச் சுத்தம் செய்து வந்தேன் என்று கேட்டார். அவரிடமே கொடுத்தேன். சென்ற வாரம், மழைக்காலம் வருகிறது, பெட்டகத்தில் ஈரப்பதம் 50 விழுக்காட்டைத் தாண்டினால் என்ன செய்வீர்கள் என்று எனக்கு எழுதியிருந்தார். நிறம் மாறும் சிலிக்கா ஜெல்லை எப்போது சூடேற்றிப் புதுப்பிக்க வேண்டும் என்று இரண்டு பக்கம் பதில் எழுதினேன்.

வெப்லி மட்டும் இன்னும் இங்கேதான் இருக்கிறது. அசல் உருளை ஒன்று எங்காவது கிடைத்தால், அதை மாற்றிப் பூட்டுவதா, அல்லது சீவிய உருளையையும் அதன் வரலாற்றின் ஒரு பகுதியாக அப்படியே விட்டுவிடுவதா என்பதில் அரமும்எண்ணெயும் ஐயாவின் கருத்தை அறிய விரும்புகிறேன்.

அரமும்எண்ணெயும்

கிடைத்தாலும் நீங்களாகப் பூட்ட வேண்டாம் ஐயா. ஒவ்வொரு உருளையும் அதன் சட்டத்துக்கும் குழலுக்கும் நேராக நிற்கிறதா என்று பார்த்துப் பொருத்த வேண்டும். அது சுழன்று சரியான நேரத்தில் பூட்டிக்கொள்கிறதா என்றும் சரிபார்க்க வேண்டும். சீவிய உருளையைத் தூக்கி எறியாமல், எண் எழுதிய உறையில் போட்டு அதனுடனேயே வையுங்கள். உருளை கிடைத்ததும் சொல்லுங்கள், என்னென்ன அளக்க வேண்டும் என்று வரிசையாக எழுதித் தருகிறேன்.